செருப்பு நனையாத தெரு

அன்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு நானும் நலம், வீடும் நலம், வீட்டுக்கு முன்னால் புதிதாய்க் கட்டியிருக்கும் மழைநீர் வடிகால் மிக மிக நலம். அங்கு நீங்களும், தங்கச்சியும், மருமகளும், உங்கள் மாடியில் தையல் மெஷினோடு குடியேறியிருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசியில் சொன்னவர் ரொம்பவே நலமாக இருப்பதாகக் கேள்வி. பள்ளிக்கூடச் சீருடை தைக்க ஊரே உங்கள் மாடிப்படியில் வரிசையில் நிற்கிறதாமே. சந்தோஷம். வயிற்றெரிச்சல் கொஞ்சமும் இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் போட்டால் உங்கள் அக்கா எடுத்து, "மழை பெஞ்சுதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். "இல்லை" என்கிறேன். "சரி, வெச்சிடறேன், துணி வெட்டிக்கிட்டு இருக்கேன்" என்கிறாள். பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தே வேலைக்காலம் முழுக்கக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். என் குரலைக் கேட்டு ஊரே மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது. இவள் மட்டும் என்னை ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச விடுவதில்லை. ஆகவே இந்தக் கடிதத்தை நீங்கள் அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். மெஷின் ஓடும்போது படிக்க வேண்டாம், பாதி காதில் விழாது. ஊசியில் நூல் கோக்க நிறுத்துவாளே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அப்போது ஆரம்பித்தால் தப்பிக்க முடியாது. எங்கெங்கே படிக்கக் கூடாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். என்றாலும் அவள் மறந்திருப்பாள், ஞாபகப்படுத்துங்கள். ஆறு கரையைத் தாண்டி ஊருக்குள் வந்தது, எங்கள் தெருவுக்குள் வந்தது, எங்கள் வீட்டுக்குள் செருப்பைக் கூடக் கழற்றாமல் வந்தது. கட்டில் மிதந்தது. பீரோ சாய்ந்தது. உங்கள் அக்காவின் மெஷினை மட்டும் நானும் அவளுமாக மேசை மேல் தூக்கி வைத்தோம், அது தப்பித்தது. தண்ணீர் வடிந்த பிறகு நீங்கள் வேனோடு வந்து நின்றீர்கள். வீடு காயும் வரைக்கும் என்று சொல்லித்தான் அவளை ஏற்றினீர்கள். வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும்: "ஒரு நல்ல மழை பெய்யணும். பெஞ்ச பெறகு பஸ் ஸ்டாண்டுலேருந்து நம்ம வாசல் வரைக்கும் என் செருப்பு நனையாம நடந்து வர முடியணும். அன்னைக்கு வர்றேன்." வேறு ஆளாக இருந்தால் ஏதோ கோபத்தில் சொன்னாள் என்று விட்டிருப்பான். நான் விடவில்லை. அதை ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இந்த ஊரை நான் தூங்க விடவில்லை, மாப்பிள்ளை.

முதலில் சேறு. அந்தச் சேற்றை வேனோடு வந்த அன்று நீங்களும்தான் பார்த்தீர்கள். வீட்டுக்குள் ஒரு வீடு கட்டும் அளவுக்கு இருந்தது. மண்வெட்டி எடுக்காத கை இல்லை. எதிர்வீட்டு மாவு மில்காரருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோய் வெகுநாள் ஆகியிருந்தது, அவர் மில்லுக்கு வருகிறவர்கள் என் கேட்டை மறித்து வண்டி நிறுத்துவதால். வெள்ளத்தில் அவர் மில்லில் இருந்த மாவு மூட்டையெல்லாம் ஊறி, கரைந்து, கூழாகி, வெயில் ஏறியதும் இறுகிப்போய், மில்லின் ஷட்டரை உள்ளிருந்தே ஒட்டிவிட்டது. கதவு திறக்கவில்லை. மனுஷர் வாசலில் நின்று தன் கடையைத் தானே திறக்க முடியாமல் விழிக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. கடப்பாரையோடு போனேன். தெருவே வந்தது. இழுத்த இழுப்பில் ஷட்டர் திறந்தது, திறந்த வேகத்தில் அத்தனை பேரும் மல்லாக்க விழுந்தோம், விழுந்த இடத்தில் மில்காரர் என் மேல் கிடந்தபடியே, "அண்ணே, மன்னிச்சிடுங்க, இனிமே உங்க கேட்டுக்கு முன்னால ஒரு சைக்கிள் கூட நிக்காது" என்றார். நானும் அவரைத் தள்ளிவிடாமல் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டேன். இப்போது நாங்கள் இருவரும் ஒன்று. ஒரே ஒரு தகராறுதான் பாக்கி. தண்ணீர் எதுவரை வந்தது என்று நகராட்சியிலிருந்து ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் சிவப்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அவர் வீட்டுக் கோடு என் வீட்டுக் கோட்டை விட உயரம் என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறார். அவர் வீட்டுத் தரை பள்ளம், அதனால்தான் கோடு உயரமாய்த் தெரிகிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன். காதில் போட்டுக்கொள்கிற மாதிரி இல்லை.

சேறு போனதும் நான் நகராட்சி அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். தினமும் போனேன். புதிதாக வந்திருக்கும் பொறியாளர் ஒரு சின்னப் பெண், நம் மருமகளை விடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். ஆரம்பத்தில் எனக்கு நாற்காலி போட்டாள். பிறகு டீ வாங்கிக் கொடுத்தாள். பிறகு என் குரல் வாசலில் கேட்டவுடன் பின்பக்கமாகச் சைட்டுக்குப் போக ஆரம்பித்தாள். நானும் சைட்டுக்குப் போனேன். கடைசியில் ஒரு நாள், "சார், நீங்க வெளியில இருந்து பேசறதுக்குப் பதிலா உள்ள வந்து பேசிடுங்க" என்று என்னை வடிகால் குழுவில் மக்கள் தரப்பு உறுப்பினராகப் போட்டுவிட்டாள். என் வாயை அடைக்கத்தான் போட்டாள் என்று மில்காரர் சொல்கிறார். பொறாமை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு வழியாக ஆற்றங்கரை மதகு வரைக்கும் ஒரே வடிகால். அதை இரண்டு காண்ட்ராக்டருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள், சீக்கிரம் முடியட்டும் என்று. ஒருவர் பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்தார். இன்னொருவர் மதகுப் பக்கமிருந்து. இரண்டும் சந்திக்கிற இடம் எது தெரியுமா? நம் வீட்டு வாசல். அந்தப் பெருமை நம் வாசலுக்குத்தான் கிடைத்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. பார்த்தால், மேலேயிருந்து வருகிற வடிகால் தாழ்வாகவும், ஆற்றுக்குப் போக வேண்டிய வடிகால் முழங்கால் உயரம் மேடாகவும் இருக்கிறது. அதாவது ஊர்த் தண்ணீர் மொத்தமும் ஒழுங்காக, சிமெண்டு பூசிய பாதையில், சேதாரமில்லாமல் நம் வாசலுக்கு வந்து அங்கேயே தங்கிவிடும்படியாகக் கட்டியிருந்தார்கள். இரண்டு காண்ட்ராக்டரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அளவுக் கருவியை வைத்து அங்கேயும் இங்கேயும் ஓடிப் பார்த்துவிட்டு, ஒருவர் பழைய ரோட்டிலிருந்து அளந்திருக்கிறார், ஒருவர் மண் போட்டு உயர்த்திய புது ரோட்டிலிருந்து அளந்திருக்கிறார் என்று கண்டுபிடித்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. நான்தான் தேற்றினேன். "அம்மா, ஒரே தடவையில கட்டுன வடிகால் எல்லா ஊர்லயும் இருக்கு. ரெண்டு தடவ கட்டுன வடிகால் எங்க ஊர்லதான் இருக்கப்போவுது" என்றேன். சிரித்துவிட்டாள். இடித்துக் கட்டினார்கள். இப்போது வழவழவென்று கண்ணாடி மாதிரி இருக்கிறது, மாப்பிள்ளை. சாயங்காலம் நடக்கப் போகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வடிகால் மட்டுமா? எல்லாமே உயர்ந்துவிட்டது. ஒரு தடவை நனைந்த ஊர் இல்லையா, பயத்தில் எதைச் செய்தாலும் உயரமாகச் செய்தார்கள். பஸ் ஸ்டாண்டுத் தரையை எவ்வளவு உயர்த்தினார்கள் என்றால், முன்பெல்லாம் பஸ்ஸில் ஏறுவோம், இப்போது பஸ்ஸுக்குள் இறங்குகிறோம். டிரான்ஸ்பார்மர் மாடி வீட்டுக்குச் சமமாக நிற்கிறது. தெருக் குழாயைத் தூக்கி வைத்ததில், குடத்தைத் தலைக்கு மேல் பிடித்தால்தான் நிரம்பும். வீட்டுக்கு வீடு சுவிட்சுகளைச் சிவப்புக் கோட்டுக்கு மேலே மாற்றச் சொல்லி ஆலோசனை வந்தது. நான் ஆர்வக்கோளாறில் கூரைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். இப்போது லைட் போடக் குடையின் பிடியால் மாட்டி இழுக்கிறேன், ஃபேன் நிறுத்த ஸ்டூல் ஏறுகிறேன். (ஸ்டூல் விஷயத்தைப் படிக்க வேண்டாம். என் முழங்காலைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள்.) நகராட்சித் தலைவர் அறையிலேயே லைட் போட ஒரு மூங்கில் கழி சாத்தி வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி எல்லாம் தயார். மழைதான் வரவில்லை.

மாப்பிள்ளை, வெள்ளத்தில் அடிபட்ட ஊர் மழைக்கு ஏங்கிப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் ஏங்கினோம். மேகம் வரும். தெருவே வாசலுக்கு வரும். மில்காரர் மில்லை நிறுத்திவிட்டு வருவார். அந்தப் பெண் ஸ்கூட்டரில் பறந்து வந்து வடிகால் ஓரமாய் நிற்பாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் மாதிரி. மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்து, நின்று, எங்களைப் பார்த்துவிட்டு, நேராக உங்கள் ஊருக்குப் போய்ப் பெய்யும். உங்கள் அக்கா போன் பண்ணுவாள். "இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது. அங்க?" நான் என்ன சொல்வேன்? நனையாத தெருவை வைத்துக்கொண்டு அது நனையாது என்று எப்படி நிரூபிப்பது?

வடிகால் குழுக் கூட்டத்தில் நான் எழுந்தேன். "மழை வரலன்னா என்ன? நாமளே பெஞ்சிக்குவோம்" என்றேன். தலைவர் மேசையைத் தட்டி ஆமோதித்தார். அந்தப் பெண் மட்டும், "சார், அதுக்கு நிறையத் தண்ணி வேணும் சார்" என்று இழுத்தாள். ஊர் மேல்நிலைத் தொட்டி எதற்கு இருக்கிறது என்று கேட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். தெருவின் மேட்டு முனையில் தீயணைப்பு வண்டி. அதன் பக்கத்தில் தண்ணீர் லாரிகள். தொட்டியின் வால்வுக்குப் பக்கத்தில் வால்வு திறக்கிறவர், சாவியோடு. ஒவ்வொரு மொட்டை மாடியிலும் வாளி, அண்டா, தொட்டி, பீப்பாயோடு வீட்டுக்காரர்கள். என் கையில் மைக். எத்தனை காலம் கழித்து மைக் பிடிக்கிறேன்! செருப்புச் சோதனைக்கு யார் நடப்பது என்று கேள்வி வந்தது. துல்லியம் முக்கியம் இல்லையா, உங்கள் அக்கா விட்டுவிட்டுப் போன பழைய செருப்பையே கொண்டுபோயிருந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பொருந்தியது. அவள் முன்னால், தலைவர் பின்னால் குடை பிடித்தபடி, பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டார்கள். நான் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன். வாய்ப் பழக்கம் விடுமா? "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, மழை இன்னும் சற்று நேரத்தில் தெருமுனைக்கு வந்து சேரும்" என்று ஆரம்பித்துவிட்டேன். ஜனம் கை தட்டியது. "ஊத்துங்க!" என்றேன்.

ஊற்றினார்கள் மாப்பிள்ளை. வானம் இப்படி ஊற்றியதில்லை. தீயணைப்பு வண்டி பீய்ச்சியது, தொட்டித் தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது, மாடிகளிலிருந்து வாளி வாளியாக விழுந்தது. மில்காரர் தன் பீப்பாயைச் சரித்த நேரம் பார்த்துக் கீழே தலைவர் வந்துகொண்டிருந்தார். குடை தலைகீழாக மடங்கிப் பூவாக விரிந்தது. தலைவர் நிற்கவில்லை. மனுஷருக்கு ஊர்ப் பற்று ஜாஸ்தி. சொட்டச் சொட்ட நடந்தார். அந்தப் பெண்ணும் தெப்பமாக நனைந்து, ஆனால் முகமெல்லாம் சிரிப்பாக நம் வாசலில் வந்து நின்றாள். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். நனைந்திருந்தது. ஆனால் தெருவைப் பார்த்தேன். ஒரு சொட்டு நிற்கவில்லை! வந்த தண்ணீர் வந்த வேகத்தில் வடிகாலுக்குள் போய், மதகு வழியாக ஆற்றில் போய் விழுந்துகொண்டிருந்தது. குழு அந்த இடத்திலேயே கூடி விசாரித்து, செருப்பு நனைந்தது மேலேயிருந்து வந்த தண்ணீராலேயே தவிர, கீழேயிருந்து வந்த தண்ணீரால் அல்ல என்று ஏகமனதாக முடிவு சொன்னது. நான் அழுதுவிட்டேன். மில்காரர் மாடியிலிருந்து என்னைப் பார்த்து அழுதார். சேற்றில் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்த ஜனம் இது. அவரவர் வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டுச் சேற்றை அள்ளிய ஜனம். அன்றைக்கு ஓடுகிற தண்ணீரைப் பார்த்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டது. இந்த ஊரில் பிறந்ததற்கு நான் பெருமைப்பட்ட நாள் அது.

அந்தப் பெருமையில்தான் தலைகால் புரியாமல் போய்விட்டது. வால்வுக்காரர் கையைக் காட்டி, "போதுமா சார்?" என்று கத்தினார். "கடைசிச் சொட்டு வரைக்கும் விடுங்க! எங்க வடிகால் தாங்கும்!" என்று மைக்கில் சொன்னேன். தாங்கியது. தொட்டிதான் காலியாகிவிட்டது. மறுநாள் காலையில் ஊரில் ஒரு குழாயிலும் தண்ணீர் இல்லை. சரி, ஏற்றினால் போகிறது என்று மோட்டாரைப் போட்டால், வெள்ளத்தில் ஊறிக் காய்ந்து ஏதோ தயவில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் அது, வெறும் தொட்டியை நிரப்பச் சொன்னதும் புகைந்துவிட்டது. புது மோட்டார் வருகிறது, வருகிறது என்கிறார்கள். அதுவரைக்கும் வெளியூர் லாரித் தண்ணீர்தான். ஆக, வெள்ளம் வந்த ஊரில் இன்றைக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறோம். ஆனால் ஒருத்தர் முகம் சுளிக்க வேண்டுமே! வெளியூர் லாரிக்காரர் ஒருவர், "என்னய்யா உங்க ஊர்ல தண்ணியே இல்லையா?" என்று நக்கலாகக் கேட்டிருக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சேர்ந்து, "தண்ணி இல்லைதான். ஆனா வடிகாலப் பாத்தீங்களா?" என்று அவரை இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

சோதனை முடிந்த கையோடு உங்கள் அக்காவுக்குப் போன் பண்ணினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஊத்துனதெல்லாம் கணக்குல வராது. பெய்யணும்" என்றாள். வைத்துவிட்டாள்.

(இந்தப் பத்தியைப் படிக்கவே கூடாது. உங்களுக்கு மட்டும். முன் அறையில் அவள் மெஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு தடம் இருக்கிறது. சேறு கழுவியும் போகவில்லை. அந்த இடத்தில் நான் எதையும் வைக்கவில்லை. வருகிறவர்கள் அங்கே நாற்காலி போட்டால் நகர்த்திப் போடச் சொல்கிறேன். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள், போன் பண்ணுகிறார்கள், "என்னப்பா, வடிகால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறது என்கிறேன். வீட்டுக்குள் மெஷின் சத்தம் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மாப்பிள்ளை. டீ போட்டால் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். அவள் இல்லாமல் முடியவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்லத் தெரியும்.)

ஆகவே, நீங்கள் நல்ல நேரம் பார்த்து, நயமாகப் பேசி, ஊற்றியதையே பெய்ததாக எடுத்துக்கொள்ளும்படி உங்கள் அக்காவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். சாட்சி வேண்டுமென்றால் தலைவர் நேரில் வந்து சொல்லத் தயார், ஜலதோஷம் விட்டதும். அந்தப் பெண்ணும் வருவாள். செருப்பையும் காய வைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். தங்கச்சியை மாடிப்படி பார்த்து ஏறி இறங்கச் சொல்லுங்கள், இடுப்பு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல்லுங்கள். மருமகள் நன்றாகப் படித்து ஒரு பொறியாளராகி, எந்த ரோட்டிலிருந்து அளக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொண்டு அளக்கிறவளாக நீடூழி வாழட்டும். உங்கள் வீட்டில் எந்நாளும் தண்ணீர் குழாயில் வரட்டும், வாசல் வழியாக வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
மக்கள் தரப்பு உறுப்பினர், வடிகால் குழு

பின்குறிப்பு: மேலே எழுதியது முழுவதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும்.

கடிதத்தை ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். தபால் பெட்டியையும் வெள்ளத்துக்குப் பயந்து உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள், கை எட்டவில்லை. ஸ்டூல் எடுக்க வீட்டுக்குத் திரும்பி வந்தால், தெருமுனையில் உங்கள் அக்கா. இரண்டு கையிலும் இரண்டு தண்ணீர்க் கேன். நீங்கள்தான் பஸ் ஏற்றி விட்டீர்களாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, உங்களைப் பிறகு கவனிக்கிறேன். தண்ணீர் லாரியின் குழாய் ஒழுகி நம் வாசல் முழுக்கச் சேறு. ஊர் உருப்பட்ட பிறகு எங்கள் தெருவில் நின்ற ஒரே சேறு அதுதான். அதற்குள்ளேயே நேராக நடந்து வருகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "செருப்பு! செருப்பு நனையுது!" என்று கத்துகிறேன். "ஒதுங்குங்க, கை வலிக்குது" என்று என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

கேனை இறக்கி வைத்துவிட்டு, "அந்த முட்டிய வெச்சிக்கிட்டுத் தெருவுக்கே கொடம் தூக்குறீங்களாமே. மில்லுக்காரரு போன் பண்ணாரு" என்றாள். "மழை இன்னும் பெய்யலையே" என்றேன். "தெரியுது" என்றாள். என் சட்டைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். நான் தடுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. வடிகாலை எல்லாம் மடமடவென்று தள்ளிக்கொண்டே போனாள், தலைவர் குடையில் கூட நிற்கவில்லை. அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்த பத்திக்கு வந்ததும் நின்றாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"வேன் கதவப் புடிச்சிக்கிட்டு நான் எதுக்கு நின்னேன்னு நினைக்கிறீங்க? போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நின்னேன். ஊருக்கே மைக்குல சொல்ற மனுஷன், எனக்குன்னு ஒண்ணும் சொல்லல. வந்த கோவத்துல வாய்க்கு வந்தத சொல்லிட்டு ஏறினேன். செருப்பாவது, நனையறதாவது!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெஷின் தடம் இருந்த இடத்தைப் பார்த்தாள். மெஷினை உடனே வேனில் ஏற்றி அனுப்பவும். பாதி தைத்த சீருடைகளையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறாள்.

சாயங்காலம் வாசலுக்கு வந்து, குனிந்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வடிகாலைப் பார்த்தாள். "நல்லாத்தான் கட்டியிருக்காங்க" என்றாள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. இப்போது அவள் குடத்தோடு லாரி வரிசையில் நிற்கிறாள், அந்தத் தைரியத்தில் இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். அவள் சொன்னது அத்தனையும் நியாயம், மறுக்கவில்லை. ஆனாலும் நீங்களே சொல்லுங்கள் மாப்பிள்ளை, அன்றைக்கு நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால், எங்கள் ஊருக்கு வடிகால் வந்திருக்குமா?